மாஸ்கோவின் தாளத்திலிருந்து பிரிந்த 29 மணி நேரம்

1991 செப்டம்பர் 6 அன்று எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்றையும் தனி நாடுகளாக சோவியத் யூனியன் ஏற்றுக்கொண்டது. கொடி மாறியது, பணம் மாறியது. 1993 ஆகஸ்ட் இறுதியில் லிதுவேனியாவிலிருந்தும், 1994 ஆகஸ்ட் இறுதியில் மற்ற இரண்டிலிருந்தும் ரஷ்யப் படை கிளம்பிப் போனது. 2004-ல் மூன்றும் நேட்டோவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சேர்ந்துவிட்டன. இத்தனைக்குப் பிறகும் 2025 பிப்ரவரி 8 காலைவரை, தாலின் நகரத்துத் தண்ணீர் பம்பும் ரீகாவின் தொழிற்சாலை மோட்டாரும் வில்னியஸின் லிஃப்டும் மாஸ்கோவிலிருந்த கட்டுப்பாட்டு மையம் காத்துவந்த அதிர்வெண்ணில்தான் சுழன்றன. ஏறக்குறைய 60 லட்சம் பேர் வாழும் மூன்று நாடுகள், தங்களுக்கு எதிராக ஏவுகணை நிறுத்தியிருக்கும் ஒரு நாட்டின் மின்துடிப்பைப் பகிர்ந்துகொண்டு 33 ஆண்டுகள் இருந்தன. அன்று காலைதான் அந்த மின்தொகுப்பை (மின்நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் கம்பி வலையை) விட்டுப் பிரிந்து, ஏறக்குறைய 29 மணி நேரம் தனியாக நின்று, மறுநாள் ஐரோப்பாவின் தொகுப்போடு சேர்ந்தன.

ஒவ்வொரு போர் தொடங்கும்போதும் நம்மிடையே ஒரு பேச்சு கிளம்பும். பெரிய நாட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன நாடு அனுசரித்துத்தான் போகவேண்டும், பூகோளத்தை யாரால் மாற்ற முடியும் என்பார்கள். 2022-க்குப் பிறகு தமிழில் இதைப் படிக்காத வாரம் இல்லை. இந்த வாதம் எனக்கு ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை. அதேசமயம் "இறையாண்மை புனிதமானது" என்று எதிர்ப்பாட்டு பாடுவதும் போதவில்லை. ஒரு சின்ன நாட்டின் சுதந்திரம் எங்கே இருக்கிறது, எதைத் தொட்டால் அது ஆட்டம் காணும் என்று கேட்டால், எல்லைக்கோட்டைவிட மின்கம்பியும் தண்டவாளமும் எரிவாயுக் குழாயும்தான் தெளிவான பதில் தருகின்றன. பால்டிக் நாடுகளைப் பார்த்தால் இந்தப் பூகோளம் என்பதில் பாதி மனிதர்கள் போட்டது என்று தெரியும். மனிதர்கள் போட்டதை மனிதர்கள் கழற்றலாம். எத்தனை ஆண்டு ஆகும், எவ்வளவு செலவு, நடுவில் எது உடையும் என்பதுதான் பேசவேண்டிய விஷயம்.

மூன்று உலக்கை, ஓர் உரல்

ஒரே உரலில் மூன்று பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடுவதைப் பார்த்தவர்களுக்கு மின்தொகுப்பின் ஒத்திசைவைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஒருத்தி அரை நொடி தவறினால் உலக்கைகள் மோதும். மாறுதிசை மின்சாரத்தில் ஒரே தொகுப்பில் இணைந்த எல்லா ஜெனரேட்டர்களும் நொடிக்கு 50 மின்னலை (50 ஹெர்ட்ஸ்) என்ற ஒரே அடிக்கு இசைந்து சுழலவேண்டும். தேவை கூடினால் எல்லாமே சேர்ந்து கொஞ்சம் மெதுவாகும், தேவை குறைந்தால் எல்லாமே சேர்ந்து வேகமெடுக்கும். இந்த ஏற்ற இறக்கத்தை 50 ஹெர்ட்ஸுக்கு மிக அருகிலேயே பிடித்துவைப்பவர்தான் தொகுப்பின் எஜமானர். சோவியத் காலத்தில் கட்டப்பட்ட தொகுப்பில் அந்த வேலை மாஸ்கோவுடையது. 2001-ல் பெலாரஸ், ரஷ்யா, எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா ஐந்தும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம், அந்தப் பழைய ஏற்பாட்டைச் சுதந்திர நாடுகளுக்கு இடையிலான ஏற்பாடாக எழுதிவைத்தது. பிரெல் என்று அதற்குப் பெயர்.

ரஷ்யா ஒருநாள் சுவிட்சை அணைத்துவிடும் என்பது மட்டும் பிரச்சினை இல்லை. கம்பிகள் வட்டமாகப் போகின்றன. ரஷ்யாவின் வடமேற்கிலிருந்து பால்டிக் நாடுகள் வழியாக பெலாரஸுக்கும், ரஷ்யாவின் தனித்துண்டு நிலமான கலினின்கிராடுக்கும் மின்சாரம் பாயும். நடுவில் இருப்பவர்கள் தங்கள் லைனைப் பராமரிப்புக்காக நிறுத்துவதென்றாலும் அந்தப் பக்கத்தோடு பேசியாகவேண்டும். திடீரென்று ஒரு பெரிய மின்நிலையம் விழுந்துவிட்டால் அந்த நொடியில் கைகொடுப்பது ரஷ்யாவின் ராட்சத டர்பைன்களில் தேங்கியிருக்கும் சுழல் ஆற்றல். அந்தக் கை நீட்டப்படும் என்ற நம்பிக்கையில்தான் மூன்று நாடுகளும் தூங்கின.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பால்டிக் நாடுகள் மூன்றும் சேர்ந்து குளிர்காலத்தில் இழுப்பது சுமார் 4,500 மெகாவாட். ஸ்வீடனிலிருந்து வரும் நார்ட்பால்ட் கடலடிக் கேபிள் ஒன்றே 700 மெகாவாட். முழு அளவில் இறக்குமதி செய்துகொண்டிருக்கும்போது அது அறுந்தால் மொத்தத் தேவையில் ஆறில் ஒரு பங்குக்குப் பக்கம் ஒரே நொடியில் காணாமல் போகும். சுழலும் ஜெனரேட்டர்களில் தேங்கியிருக்கும் ஆற்றல் 17,000 மெகாவாட்-நொடி என்று வைத்துக்கொண்டால், அதிர்வெண் விழத் தொடங்கும் வேகம் நொடிக்கு 1 ஹெர்ட்ஸ். 49 ஹெர்ட்ஸைத் தொட்டதும் ஐரோப்பிய விதிப்படி ரிலேக்கள் என்ற தானியங்கிக் காவல் கருவிகள் தாமாகவே ஊர் ஊராக மின்சாரத்தைத் துண்டிக்க ஆரம்பிக்கும். அதாவது மனிதர் எவரும் போனை எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இதே 700 மெகாவாட் ஐரோப்பியப் பெருநிலத் தொகுப்பில் விழுந்தால் யாருக்கும் தெரியாது. அந்தத் தொகுப்பு 3,000 மெகாவாட் ஒரே சமயத்தில் போனாலும் தாங்கும்படி திட்டமிடப்பட்டது. சின்ன நாடு எப்போதும் ஏதோ ஒரு பெரிய தொகுப்போடு ஒட்டிக்கொள்ள வேண்டியிருப்பதற்குக் காரணம் அரசியல் கோழைத்தனம் இல்லை, சுழல் நிறையின் இயற்பியல். எந்தத் தொகுப்பு என்பதில்தான் அரசியல் வருகிறது.

89 மில்லிமீட்டர்

மின்சாரத்துக்கு முன்னால் இதே கதை தண்டவாளத்தில் நடந்தது. அதை இங்கே கொண்டுவரக் காரணம், யாருடைய படை உள்ளே வந்தது என்பதைத் தண்டவாள அகலத்தை அளந்தே சொல்லிவிட முடிந்தது என்பதால்தான். ரஷ்யப் பேரரசின் ரயில் பாதை 1,524 மில்லிமீட்டர். ஜெர்மனியும் மேற்கு ஐரோப்பாவும் 1,435. முதல் உலகப் போரில் ஜெர்மன் படை லிதுவேனியாவையும் மேற்கு லாட்வியாவையும் பிடித்ததும் பாதையை 1,435-க்கு மாற்றிக்கொண்டே முன்னேறியது. போர் முடிந்து மூன்று நாடுகளும் பிறந்தபோது எஸ்தோனியாவிடம் அகலப்பாதையும், லிதுவேனியாவிடம் ஐரோப்பியப் பாதையும், லாட்வியாவிடம் இரண்டும் கலந்தும் மிஞ்சின. 1940-ல் சோவியத் வந்தது, 1941-ல் ஜெர்மனி வந்து மறுபடி குறுக்கியது, 1944-ல் சோவியத் திரும்பி வந்து மறுபடி அகலமாக்கியது.

மீட்டர் கேஜ் அகலப்பாதையானதைக் கண்ணால் பார்த்த நம் ஊர்க்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும். ஆனால் குறுக்குவதும் அகலமாக்குவதும் ஒன்றில்லை. 1,524-ஐ 1,435 ஆக்க, ஒரு பக்கத் தண்டவாளத்தின் ஆணிகளைப் பிடுங்கி, 89 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, மறுபடி ஆணி அறைந்தால் நேர்ப்பாதை ஒருவழியாகத் தயார். ஸ்லீப்பர் கட்டை ஏற்கெனவே நீளமாக இருக்கிறது. திசைமாற்றும் பாயிண்ட்டுகளைத்தான் புதிதாகச் செய்தாகவேண்டும். எதிர்த்திசையில் போனால் தொல்லை. குட்டைக் கட்டை போட்டிருந்தால் தண்டவாளத்தை வெளியே நகர்த்த இடம் இருக்காது, கட்டை முழுவதையும் மாற்றவேண்டும். ரஷ்யப் பெட்டிகள் அகலமும் உயரமும் கூடியவை என்பதால் பிளாட்பாரம், பாலத்தின் இடைவெளி எல்லாம் இடிக்கும். 1941-ல் ஜெர்மானியர்கள் வேறொரு இடத்தில் மாட்டிக்கொண்டார்கள். சோவியத் நீராவி இன்ஜின்களின் தண்ணீர்த் தொட்டி பெரியது, ஆகையால் தண்ணீர் பிடிக்கும் நிலையங்கள் தள்ளித் தள்ளி இருந்தன. ஜெர்மன் இன்ஜின்களால் அந்தத் தூரத்தை ஓட்ட முடியாமல் நடுவில் புதிய நிலையங்கள் கட்டவேண்டி வந்தது. பின்வாங்கும்போது, ரயிலின் பின்னால் பெரிய இரும்புக் கொக்கியைக் கட்டி இழுத்து ஸ்லீப்பர் கட்டைகளை நடுவில் இரண்டாக முறித்துக்கொண்டே போனார்கள், எதிரி அதே பாதையில் வரக்கூடாது என்று. அந்தப் பாதையும் கட்டையும் நிலமும் யாருக்குச் சொந்தமோ அவர்களை இரு தரப்பும் கேட்கவில்லை.

இன்றும் மூன்று நாடுகளின் பாதை பெரும்பாலும் 1,520 மில்லிமீட்டர்தான் (சோவியத் பிற்காலத்தில் நான்கு மில்லிமீட்டரைக் குறைத்தது). போலந்திலிருந்து வரும் ஒரு ராணுவச் சரக்கு ரயில் லிதுவேனிய எல்லை தாண்டியதும் எங்கேயாவது ஒரு யார்டில் நின்று சரக்கை இறக்கி ஏற்றவேண்டும். ரஷ்யாவிலிருந்து வரும் ரயிலுக்கு அந்தத் தடை இல்லை.

எல்லை எங்கே நிற்கிறது

எல்லைக்கோடும் இப்படித்தான் யாரோ இழுத்தது. 1920 பிப்ரவரி 2 அன்று தார்த்து நகரில் சோவியத் ரஷ்யாவும் எஸ்தோனியாவும் சமாதான ஒப்பந்தம் போட்டு எல்லையை வகுத்தன. இரண்டாம் உலகப் போரின் கடைசியில் ஸ்டாலினின் நிர்வாகம் நார்வா ஆற்றுக்குக் கிழக்கே உள்ள நிலத்தையும் பெத்சேரி வட்டாரத்தின் பெரும்பகுதியையும் எஸ்தோனியாவிலிருந்து எடுத்து ரஷ்யக் குடியரசோடு சேர்த்தது. நாட்டில் சுமார் 5 சதவீதம். லாட்வியாவிடமிருந்து அப்ரெனெ வட்டாரம் போனது. அன்று அது ஒரே யூனியனுக்குள் மாவட்ட எல்லையை நகர்த்துவது மாதிரி இருந்தது. 1991-ல் அந்த மாவட்ட எல்லைதான் நாட்டு எல்லையாக நின்றது. லாட்வியா 2007-ல் ஒப்பந்தம் போட்டு அப்ரெனெயை விட்டுக்கொடுத்துவிட்டது. எஸ்தோனியா 2005-ல் கையெழுத்திட்டது. தார்த்து ஒப்பந்தத்தை அந்நாட்டு நாடாளுமன்றம் முகப்புரையில் குறிப்பிட்டதைக் காட்டி ரஷ்யா பின்வாங்கியது. 2014-ல் மறுபடி கையெழுத்தானது, இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை.

ஒப்பந்தம் இல்லாத எல்லை நாள்தோறும் எப்படித் தொல்லை தரும் என்பதற்கு இரண்டு இடங்கள். தென்கிழக்கு எஸ்தோனியாவில் சாத்சே என்ற ஊருக்குப் போகும் சாலை, சுமார் ஒரு கிலோமீட்டர் ரஷ்ய மண்ணுக்குள் நுழைந்து வெளிவருகிறது. பூட்ஸ் வடிவத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம் அது. விசா இல்லாமல் வண்டியில் கடக்கலாம், நிற்கக்கூடாது, இறங்கி நடக்கக்கூடாது என்பது ஏற்பாடாக இருந்தது. நிலத்தை மாற்றிக்கொண்டு இதைச் சரிசெய்யும் ஏற்பாடு அந்த நிறைவேறாத ஒப்பந்தத்தில் இருந்தது. 2025 அக்டோபரில் ஆயுதம் தாங்கிய ரஷ்யர்கள் அந்தச் சாலையில் நிற்பதைக் கண்டதும் எஸ்தோனியா அதை மூடிவிட்டது. இன்னொன்று நார்வா ஆறு. ஆற்றின் ஆழமான நீரோட்டப் பாதை ஆண்டுக்கு ஆண்டு நகரும் என்பதால் ஒவ்வொரு வசந்தத்திலும் எல்லையைக் காட்ட மிதவைகளைப் புதிதாக வைக்கவேண்டும். இரு தரப்பும் பேசி வைப்பது வழக்கம். 2024-ல் அந்தப் பேச்சு ஒத்துவரவில்லை. எஸ்தோனியா வைத்த முதல் 50 மிதவைகளில் 24-ஐ மே 23 விடியற்காலையில் ரஷ்ய எல்லைக் காவலர்கள் தூக்கிப் போய்விட்டார்கள். ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. பெரிய நாடு சின்ன நாட்டைத் தட்டிப் பார்ப்பது பெரும்பாலும் இந்த அளவில்தான்.

போலந்து வழியாகத்தான்

மின்தொகுப்பை மாற்றும் யோசனை 2007 வாக்கிலேயே மூன்று பிரதமர்களும் வெளிப்படையாகச் சொன்னதுதான். பிறகு ஏன் 18 ஆண்டு ஆனது?

முதல் காரணம் இக்னாலினா. லிதுவேனியாவில் இருந்த இந்த அணுமின் நிலையத்தில் செர்னோபில் வகையைச் சேர்ந்த, தலா 1,500 மெகாவாட் வடிவமைப்புத் திறன் கொண்ட இரண்டு உலைகள். நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்தது, மீதி ஏற்றுமதி ஆனது. இதை மூடினால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று ஐரோப்பிய ஒன்றியம் நிபந்தனை வைத்தது. ஒன்று 2004 டிசம்பர் 31-லும் இன்னொன்று 2009 டிசம்பர் 31-லும் மூடப்பட்டன. செர்னோபிலுக்குப் பிறகு அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் விளைவு என்ன? ஏற்றுமதி செய்த நாடு மறுநாள் காலையில் இறக்குமதி நாடாகிவிட்டது, அதுவும் ரஷ்யாவிலிருந்து. பெரிய நண்பரின் நிபந்தனையும் சின்ன நாட்டைப் பெரிய எதிரியின் பக்கம் தள்ளும் என்பதை பிரஸ்ஸல்ஸ் அப்போது போதிய அளவு யோசித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது காரணம், கேபிள் போடுவதும் ஒத்திசைவதும் வேறு வேறு. பின்லாந்துக்கு எஸ்ட்லிங்க் 1 (350 மெகாவாட்), எஸ்ட்லிங்க் 2 (650), ஸ்வீடனுக்கு நார்ட்பால்ட் என்று கடலடிக் கேபிள்கள் 2006 முதல் 2016-க்குள் வந்துவிட்டன. இவை எல்லாம் நேர்திசைக் கேபிள்கள். ஒரு கரையில் ஏசியை டிசியாக்கி, மறுகரையில் மறுபடி ஏசியாக்குவார்கள். மின்சாரம் வரும், தாளம் வராது. நமக்கு இது புதிதில்லை. தமிழ்நாடு உள்ளிட்ட தென்மண்டலத் தொகுப்பு 2013 கடைசிவரை வடக்கோடு டிசி வழியாகத்தான் இணைந்திருந்தது. 2012 ஜூலை 30, 31 இரண்டு நாளும் வட இந்தியா இருளில் மூழ்கியபோது தெற்கு தப்பியதற்கு அதுதான் காரணம். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத்தான் நாடு முழுவதும் ஒரே அதிர்வெண்ணுக்கு வந்தது. பால்டிக் நாடுகளுக்கு அப்படி ஒரு லைன் தேவைப்பட்டது. ஃபின்லாந்து பக்கமாக நோர்டிக் தொகுப்போடு ஒத்திசையும் வழியும் ஆராயப்பட்டுக் கைவிடப்பட்டது. தரைவழியாகப் பெருநில ஐரோப்பாவைத் தொடும் இடம் ஒன்றே ஒன்று: லிதுவேனியா–போலந்து எல்லை. நீளம் 104 கிலோமீட்டர். ஒரு பக்கம் ரஷ்யாவின் கலினின்கிராட், மறுபக்கம் பெலாரஸ். ராணுவக்காரர்கள் சுவால்கி இடைவெளி என்று சொல்லும் அதே இடம்.

இதில் என்னை நெடுநேரம் யோசிக்கவைத்தது போலந்து. 1920-ல் வில்னியஸைப் பிடித்துக்கொண்டது போலந்துதான். அதற்குப் பிறகு 18 ஆண்டுகள் லிதுவேனியா போலந்தோடு தூதரக உறவே வைத்துக்கொள்ளவில்லை. இரு நாடுகளுக்கும் நடுவே ரயில் ஓடவில்லை, தபாலும் நேராகப் போகவில்லை. 1938 மார்ச்சில் போலந்து இறுதி எச்சரிக்கை விடுத்த பிறகுதான் உறவு தொடங்கியது. 1939 அக்டோபர் 10 அன்று, போலந்தைத் துண்டாடி முடித்திருந்த ஸ்டாலின், வில்னியஸை லிதுவேனியாவுக்குத் திருப்பிக் கொடுத்தார். கூடவே 20,000 சோவியத் வீரர்களை லிதுவேனிய மண்ணில் நிறுத்தும் ஒப்பந்தமும் வந்தது. "வில்னியஸ் நம்முடையது, நாம் ரஷ்யாவுடையவர்கள்" என்று மக்கள் சொல்லிக்கொண்டார்கள். எட்டே மாதத்தில், 1940 ஜூனில், நாடே போய்விட்டது. தலைநகரத்தைப் பறித்த பக்கத்துவீட்டுக்காரர் வழியாகத்தான் இன்று லிதுவேனியா ஐரோப்பாவின் தாளத்தோடு சேர்கிறது. பூகோளம் மாறாது என்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். அதே நிலம், அதே 104 கிலோமீட்டர். மாறியது உறவு.

2015 டிசம்பரில் போலந்தின் எல்க்கிலிருந்து லிதுவேனியாவின் அலிதுஸ்வரை லிட்போல் என்ற 400 கிலோவோல்ட் இரட்டை லைன் வந்தது. தொடக்கத்தில் அலிதுஸில் கன்வெர்ட்டர் வைத்து டிசி முறையில் 500 மெகாவாட் கடத்தினார்கள். ஆனால் கோபுரமும் கம்பியும் ஏசிக்குத் தயாராக இருந்தன. அலிதுஸில் டிரான்ஸ்பார்மர் சேர்த்தால் நேரடி இணைப்புக்கு மாறலாம். 2018 ஜூனில் பிரஸ்ஸல்ஸில் அரசியல் ஒப்பந்தம் ஆனது. ஐரோப்பிய ஒன்றியம் 120 கோடி யூரோவுக்கு மேல் கொடுத்தது.

அந்தப் பணம் போன இடங்களில் முக்கியமானவை ஒன்பது சிங்க்ரனஸ் கண்டென்சர்கள், நாட்டுக்கு மூன்று. எஸ்தோனியாவில் புஸ்ஸி, விரு, கீசா. லாட்வியாவில் க்ரோபின்யா, வென்ட்ஸ்பில்ஸ், லீக்ஸ்னா. லிதுவேனியாவில் தெல்ஷியாய், அலிதுஸ், நெரிஸ். ஜெனரேட்டர் மாதிரியே இருக்கும், எரிபொருள் கிடையாது, மின்சாரம் தயாரிக்காது. தொகுப்பிலிருந்து கொஞ்சம் மின்சாரம் இழுத்துக்கொண்டு கனமான சுழலி சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். அதிர்வெண் விழும் அந்த முதல் நொடியில் தன் சுழல் ஆற்றலைக் கொடுத்து வீழ்ச்சியை மெதுவாக்கும். வோல்டேஜையும் தாங்கிப் பிடிக்கும். அந்த நொடி கிடைத்தால்தான் அடுத்தடுத்த காவலர்கள் வேலைக்கு வரமுடியும். லிதுவேனியா நான்கு இடங்களில் தலா 50 மெகாவாட் பேட்டரி வைத்தது. லாட்வியா ரேசெக்னேயிலும் துமேயிலும் சேர்த்து 80 மெகாவாட். அதற்குப் பிறகு க்ருவோனிஸ் நீரேற்று மின்நிலையம் (900 மெகாவாட்), லாட்வியாவின் தௌகவா ஆற்று அணைகள், எரிவாயு நிலையங்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கை கொடுக்கும். காற்றாலையும் சூரியப் பலகையும் பெருகப் பெருக இந்தச் சுழல் நிறை எந்த நாட்டுக்கும் தேவைப்படப்போகிறது. பால்டிக் நாடுகள் அதை முன்கூட்டியே வாங்கிவைத்திருக்கின்றன.

பிப்ரவரி 8, காலை 9.09

முதலில் வைத்த இலக்கு 2025 கடைசி. முன்கூட்டியே முடிக்கவைத்தது உக்ரைன். 2022 பிப்ரவரி 24 அன்று, ஏற்கெனவே திட்டமிட்டபடி, உக்ரைன் தன் தொகுப்பை ரஷ்யாவிலிருந்தும் பெலாரஸிலிருந்தும் துண்டித்து மூன்று நாள் தனியாக ஓட்டிப் பார்க்கும் சோதனையைத் தொடங்கியது. சில மணி நேரத்தில் ஏவுகணைகள் விழுந்தன. உக்ரைன் அதற்குப் பிறகு ரஷ்யத் தொகுப்போடு திரும்பச் சேரவே இல்லை. போருக்கு நடுவே மூன்று வாரம் தனியாகத் தாக்குப்பிடித்து, மார்ச் 16 அன்று மால்டோவாவோடு சேர்ந்து ஐரோப்பியத் தொகுப்பில் இணைந்தது. இதைப் பார்த்த பிறகு பால்டிக் நாடுகளில் யாருக்கும் காத்திருக்க மனம் வரவில்லை. அந்த மே மாதமே ரஷ்ய மின்சாரம் வாங்குவதை நிறுத்தினார்கள். ஆனால் வாங்காவிட்டாலும் தாளம் மாஸ்கோவுடையதாகவே இருந்தது, கம்பி இணைந்திருக்கிறதே! 2023 ஏப்ரல் 22, ஒரு சனிக்கிழமை, லிதுவேனியா சுமார் 10 மணி நேரம் தனித்து ஓட்டிப் பார்த்தது. 2024 ஜூலை 16 அன்று பிரெல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று மூன்று நாடுகளும் முறைப்படி அறிவித்தன.

2025 பிப்ரவரி 8 காலையில் 330 கிலோவோல்ட் லைன்கள் ஒவ்வொன்றாகத் துண்டிக்கப்பட்டன. லிதுவேனியா கலினின்கிராடுக்கும் பெலாரஸுக்கும் போகும் லைன்களை எடுத்தது. எஸ்தோனியாவில் நார்வா, தார்த்து பக்கத்து லைன்கள். லாட்வியாவுக்கு ரஷ்யாவோடு இருந்தது ஒரே லைன், ரேசெக்னேயிலிருந்து வெலிகோரெத்ஸ்கயாவுக்கு. காலை 9.09 மணிக்குக் கடைசி இணைப்பும் போனது. அந்த நிமிடத்திலிருந்து மூன்று நாடுகளும் யாரோடும் ஒத்திசையாமல் தனித் தீவாக நின்றன. லாட்வியாவில் எல்லைக் கம்பியை வெட்டியும் இறக்கினார்கள்.

ஏன் உடனே போலந்தோடு இணைக்கவில்லை? அந்த ஒரு நாள்தான் தேர்வு நாள். லிட்போல் லைன் எப்போதாவது அறுந்தால் மூன்று நாடுகளும் இப்படித்தான் தனியாக நிற்கவேண்டும். அப்போது நிற்க முடியும் என்று காட்டாமல் ஐரோப்பா தன் தொகுப்பில் சேர்க்காது. தனித்திருந்த நேரத்தில் அதிர்வெண்ணையும் வோல்டேஜையும் வேண்டுமென்றே கலைத்து, தாமாக நிமிர்கிறதா என்று பார்க்கும் சோதனைகளைச் செய்தார்கள். அவ்வளவு காலம் மாஸ்கோ பார்த்துக்கொண்ட வேலையைத் தாலின், ரீகா, வில்னியஸ் கட்டுப்பாட்டு அறைகளில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள். பெரிய தொகுப்பில் அதிர்வெண் அசைந்தால் யாரோ சரிசெய்வார்கள், இங்கே அந்த 'யாரோ' தாங்களே.

பிப்ரவரி 9 மதியம் 2.05-க்கு இணைப்பு. இரு பக்கமும் அதிர்வெண் கிட்டத்தட்ட ஒன்றாக, வோல்டேஜ் ஒன்றாக, அலையின் உச்சியும் பள்ளமும் ஒரே கணத்தில் வரும்படி இருக்கும்போது மட்டும் பிரேக்கர் என்ற பெரிய சுவிட்சை மூடி இணைக்கவேண்டும். அலை தப்பி மூடினால் ராட்சத மின்னோட்டம் பாய்ந்து, டர்பைன் தண்டுகள் முறுக்கித் திரும்பும், ரிலேக்கள் எல்லாவற்றையும் தட்டிவிடும். ஒத்திசைவைச் சோதிக்கும் ரிலே சம்மதம் கொடுத்தாலன்றி பிரேக்கர் மூடாது. மூடியது. எந்த ஊரிலும் விளக்கு அணையவில்லை. 29 மணி நேரத்துக்கு நான்கு நிமிடம் குறைவு. இந்த மூன்று நாடுகளின் சுதந்திர வரலாற்றில் 1991-க்கு அடுத்த நாள் எது என்று என்னைக் கேட்டால், இரண்டு 2004 விழாக்களையும் தாண்டி இந்த ஒரு பகல் இரவைத்தான் சொல்வேன். அதற்கு முன்னால்வரை இவர்கள் மாஸ்கோவை விட்டு விலகியதெல்லாம் தாளில். இது உடம்பில்.

ஒரே லைனில் தொங்கும் நாடுகள்

மாஸ்கோவை விட்டு பிரஸ்ஸல்ஸைப் பிடித்ததும் அடிமைத்தனம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றில்லை. ஐரோப்பியத் தொகுப்பின் விதிகளை எழுதும் மேசையில் எஸ்தோனியாவுக்கு நாற்காலி உண்டு, விதியை யார் மீறினாலும் கேட்க நீதிமன்றம் உண்டு. சோவியத் விதிக்கு அப்படி எதுவும் இல்லை. 1990-ல் லிதுவேனியா சுதந்திரம் அறிவித்ததும் ஏப்ரல் 18 முதல் எண்ணெயை நிறுத்தி, எரிவாயுவையும் குறைத்தது மாஸ்கோ. கேட்க எந்த இடமும் இல்லை. மால்டோவாவைப் பாருங்கள். அந்த நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி பிரிவினைப் பகுதியான டிரான்ஸ்னிஸ்திரியாவில் உள்ள ஒரு நிலையத்திலிருந்து, ரஷ்ய எரிவாயுவில் ஓடி வந்தது. 2025 ஜனவரி 1 அன்று எரிவாயு நின்றதும், ரஷ்யா பாதுகாப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்த டிரான்ஸ்னிஸ்திரியா மக்களே முதலில் குளிரில் உட்கார்ந்தார்கள். மால்டோவா அந்த நிலையத்தைத் தொடாமல் வுல்கனேஷ்டியிலிருந்து தலைநகர் சிஷினாவுக்கு நேராக 400 கிலோவோல்ட் லைன் இழுக்கும் வேலையில் இறங்கியது.

ஆனால் ஆபத்து தீர்ந்துவிட்டதாக நினைக்கவேண்டாம். 60 லட்சம் பேர் ஐரோப்பாவோடு ஒத்திசைவது இன்று ஒரே கோபுர வரிசையில். இரண்டு சர்க்யூட் இருந்தாலும் ஒரே கோபுரத்தில் தொங்கும்போது, கோபுரம் சாய்ந்தால் இரண்டும் போகும். இதனால் லிட்போலின் கொள்ளளவில் பெரும்பகுதியை வணிகத்துக்கு விடாமல் ஆபத்துக்கென்று ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். அந்த அளவுக்கு மலிவு மின்சாரம் குறையும். காத்திருப்பு நிலையங்களுக்குக் கொடுக்கும் பணமும் மக்களின் கட்டணத்தில்தான் வந்து சேரும். சுதந்திரத்துக்கு மாதாமாதம் பில் வருகிறது, அதைக் கட்டத்தான் வேண்டும் என்று அந்த அரசுகள் மக்களிடம் ஒளிக்காமல் சொல்வது நல்லது.

கடலடியிலும் நிலைமை சுகமில்லை. 2024 டிசம்பர் 25 அன்று, துண்டிப்புக்கு ஆறு வாரமே இருந்தபோது, எஸ்ட்லிங்க் 2 அறுந்தது. ரஷ்ய எண்ணெய் ஏற்றிவந்த ஈகிள் எஸ் என்ற கப்பல் நங்கூரத்தைக் கடலடியில் பல கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போனதாகப் ஃபின்லாந்து அதைப் பிடித்துவைத்தது. பின்லாந்திலிருந்து வரும் கொள்ளளவு 1,016-லிருந்து 358 மெகாவாட்டுக்கு இறங்கியது. பழுதுபார்த்து முடிய அடுத்த ஜூன் ஆனது. கப்பலின் அதிகாரிகள்மேல் போட்ட வழக்கை, சம்பவம் தன் அதிகார எல்லைக்கு வெளியே நடந்தது என்று சொல்லி ஹெல்சிங்கி நீதிமன்றம் 2025 அக்டோபரில் தள்ளிவிட்டது. கேபிளை ஒரு நங்கூரத்தால் அறுக்கலாம், சரிசெய்ய அரை ஆண்டு, தண்டிக்க வழியில்லை. இன்றைய கடல் சட்டங்கள் இதற்குப் போதவில்லை, அதை முதலில் மாற்றக் கேட்கவேண்டியவர்கள் இந்த மூன்று நாடுகள்தான்.

அடுத்த வேலை தண்டவாளம். தாலினிலிருந்து பார்னு, ரீகா, பனேவெஜிஸ், கௌனஸ் வழியாகப் போலந்து எல்லைவரை 870 கிலோமீட்டர், 1,435 மில்லிமீட்டர் அகலத்தில் ரெயில் பால்டிகா என்ற புதிய பாதை போடுகிறார்கள். 2017-ல் 580 கோடி யூரோ என்றார்கள். 2024 ஜூனில் மூன்று நாட்டுத் தணிக்கை அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டில் மொத்தச் செலவு சுமார் 2,400 கோடியைத் தொட்டது. முதல் கட்டத்துக்கு மட்டும் 1,530 கோடி. அதனால் 2030-க்குள் ரயிலை ஓடவைக்கப் பல இடங்களில் ஒற்றைப்பாதையோடு தொடங்கி, மீதியைப் பிறகு பார்த்துக்கொள்வதென்று திட்டத்தைச் சுருக்கியிருக்கிறார்கள். சுருக்கியது சரியான முடிவு. ஒற்றைப்பாதையில் ரயில் குறைவாகத்தான் ஓடும், ஆனால் எல்லையில் சரக்கை இறக்கி ஏற்றாமல் தாலின்வரை போகும். நகர நிலையங்களின் அலங்காரத்தை ஒத்திவைத்துவிட்டு, லாட்வியா தன் பங்குப் பணத்தை முதலில் ரீகாவுக்குத் தெற்கே பாதை போடுவதில் கொட்டவேண்டும். அந்த நடுத்துண்டு இல்லாமல் எஸ்தோனியா போடுகிற பாதைக்கு வேலை கிடையாது.